வனவியல் பட்டப்படிப்பு: எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் விவசாயிகளின் வீடுகளில் எழும் கேள்விகளில் அண்மைக் காலமாக ஒன்று கூடியிருக்கிறது. "காட்டுப் படிப்புப் படிக்கிறேன் என்கிறாள், சேர்க்கலாமா? எங்கே சேர்ப்பது?" என்பதே அது. மலையடிவாரக் கிராமங்களிலும், சவுக்கும் தைலமரமும் பயிராகும் பகுதிகளிலும் இக்கேள்வி அதிகம். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பதில் தெரியாமல் அவசரப்பட்டால் வீணாவது பிள்ளையின் நான்கு ஆண்டுகள் மட்டுமன்று. கறவை மாட்டை விற்ற பணமும், நகையை அடகு வைத்த பணமும் சேர்ந்தே போகும். எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெயர் ஒன்று, வேலை வேறு

கோயமுத்தூரில் "வனக் கல்லூரி" என்று விசாரித்துக்கொண்டு போகும் பெற்றோர் முதலில் குழம்புவது பெயரில்தான். 1912ஆம் ஆண்டில் சென்னை வனக் கல்லூரி என்ற பெயரில் அங்கே தொடங்கப்பட்ட பழம்பெரும் நிறுவனம் இன்று மத்திய அரசின் பயிற்சிக் கழகமாக உள்ளது. தேர்வெழுதி வனத்துறையில் வேலை பெற்றவர்களுக்கு அங்கே பயிற்சி தரப்படுகிறது. பிளஸ் டூ முடித்த மாணவர் அங்கே சேர முடியாது. வைகை அணையிலுள்ள வனப் பயிற்சிக் கல்லூரியும் பணியாளர்களுக்கானதே. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் ஆராய்ச்சிக்கென உள்ளது. டேராடூனில் 1906 முதல் புகழுடன் இயங்கிவரும் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வனவியல் பாடம் உண்டு. ஆனால் அது பட்டமேற்படிப்பு.

அப்படியானால் தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு எங்கே? மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில். பி.எஸ்ஸி. ஆனர்ஸ் வனவியல் என்பது நான்கு ஆண்டுப் படிப்பு. அதே வளாகத்தில் பட்டுப்புழுவியல் பட்டப்படிப்பும் நடக்கிறது. கலந்தாய்வில் விருப்பத்தைக் குறிக்கும்போது இவ்விரண்டையும் மாற்றிக் குறித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு மாணவருக்கு முதல் இடத்தில் வைக்க வேண்டிய கல்லூரி இதுவே. அரசுப் பல்கலைக்கழகக் கல்லூரி என்பது ஒரு காரணம். அது அமைந்துள்ள இடம் மற்றொரு காரணம். ஒரு நாள் பயணத்தில் சத்தியமங்கலத்தின் வறண்ட காட்டையும், நீலகிரியின் சோலைக் காட்டையும், ஆனைமலையின் பசுமைமாறாக் காட்டையும் பார்த்துவிடலாம். கல்லூரியைச் சுற்றியோ வாழைத் தோட்டமும் பாக்குத் தோப்பும். அவற்றையொட்டி யானை நடமாடும் அடிவாரம். காடும் காடு சார்ந்த சிக்கலும் கண்முன்னே உள்ள இடத்தில் படிப்பவர் கற்பது, நகரத்துக் கட்டடத்தில் படிப்பவர் கற்பதைவிட அதிகம்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. இப்பிரிவில் சேருவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சிறு விவசாயிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளியில் படிப்பவர்கள். ஆயினும் இச்சலுகையை அறியாமல், மதிப்பெண் குறைவு என்று எண்ணி விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவோர் உள்ளனர். கிடைக்காது என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டுவது சரியன்று. விண்ணப்பித்துவிட்டுப் பட்டியலைப் பார்ப்பதே முறை.

அண்டை மாநிலங்கள்

மேட்டுப்பாளையத்தில் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து மாநிலங்களிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. கேரளத்தில் திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி உண்டு. மழை மிகுந்த நிலம். வீட்டைச் சுற்றித் தென்னை, மிளகு, பலா, தேக்கு என அடுக்கடுக்காக வளர்க்கும் முறையைப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. 1840களில் தேக்குத் தோட்டம் போடப்பட்ட நிலம்பூரும் தொலைவில் இல்லை. கர்நாடகத்தில் குடகு மாவட்டப் பொன்னம்பேட்டையிலும், வட கன்னட மாவட்டச் சிரசியிலும் கல்லூரிகள் உள்ளன. முன்னதில் நிழல் மரங்களின் கீழ் காப்பி. பின்னதில் பாக்குத் தோப்பும், அதற்குத் தழை எரு கொடுக்கும் காட்டு நிலமும். தெலங்கானாவில் சித்திப்பேட்டை மாவட்டம் முலுகில் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி மேட்டுப்பாளையத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொலைவு பாராட்டாதவர்களுக்கு இமாசலப் பிரதேசத்தில் சோலன் அருகே நௌனியில் உள்ள தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பைன், தேவதாரு மரங்களின் பாடத்தை அங்கேதான் முழுமையாகக் கற்க முடியும். ஆனால் குளிரும் உணவும் நம் பிள்ளைகளுக்குப் பழக நாளாகும் என்பதையும் மறக்கலாகாது.

மற்ற மாநிலங்களின் சொந்த ஒதுக்கீட்டு இடங்கள் பெரும்பாலும் அம்மாநிலத்தவர்க்கே. நம் பிள்ளைகள் அங்கே போகும் வழி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய ஒதுக்கீடு. 2023 முதல் இதற்கு சி.யு.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ முடிவுக்குப் பின் விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிட்டால் காலம் கடந்துவிடும். பெரும்பாலும் முடிவு வருவதற்கு முன்னரே விண்ணப்பக் கெடு முடிந்துவிடுகிறது. இவ்வழியில் வெளிமாநிலம் சென்று படிப்போர்க்குத் தேசியத் திறமை உதவித்தொகையும் உண்டு.

விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம்

"வனவியல் டிப்ளமோ, உடனே வனத்துறை வேலை" என்று நோட்டீசு ஒட்டி மாணவரைச் சேர்க்கும் இடங்களும் உண்டு. இத்தகைய இடங்களில் பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்க வேண்டும். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அந்தப் படிப்பை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அங்கீகரித்துள்ளதா, அங்கீகாரம் எந்த ஆண்டு வரை செல்லும்? பட்டச் சான்றிதழில் "வனவியல்" என்ற சொல் இருக்குமா, அல்லது வேறு பெயரா? வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும். காட்டத் தயங்கும் இடத்தில் மேலும் பேச வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியும் அரசு வேலையை வாங்கித் தர முடியாது. அது தேர்வாணையத்தின் வேலை.

போய்ப் பார்க்க வேண்டியவை

முடிந்தால் கலந்தாய்வுக்கு முன் ஒரு முறை பிள்ளையுடன் கல்லூரிக்குப் போய் வருவது நல்லது. முகப்புக் கட்டடத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. நாற்றங்கால் எங்கே என்று கேட்க வேண்டும். அங்கே கூலியாட்கள் மட்டும் வேலை செய்கிறார்களா, மாணவர் கையிலும் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விவசாயி ஒருவர் கண்ணுக்கு இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். களைமண்டி, வேர் சுருண்ட பழைய கன்றுகள் பைகளில் கிடக்கும் நாற்றங்கால், அக்கல்லூரியைப் பற்றி விளம்பரத் தாள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

அடுத்து, மரம் அளக்கும் பயிற்சி எப்படி நடக்கிறது என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேட்கலாம். இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நடுச் சுற்றளவு 80 செ.மீ., நீளம் 3 மீட்டர் உள்ள ஒரு கட்டையை வியாபாரிகள் அளக்கும் வழக்கம், சுற்றளவில் கால்பங்கைத் தன்னாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்குவது. கால்பங்கு 20 செ.மீ.; அதாவது 0.2 மீட்டர். 0.2 x 0.2 x 3 என்றால் 0.12 கனமீட்டர். ஆனால் அந்தக் கட்டையில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 0.153 கனமீட்டர். நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் கணக்கில் வருவதே இல்லை. அறுக்கும்போது சிதறும் கழிவுக்காக ஏற்பட்ட வழக்கம் அது என்பார்கள். இருக்கட்டும், விலை பேசும்போது அந்தப் பங்கு விற்பவர் கையை விட்டுப் போகிறது என்பதைத் தெரிந்து பேசுவது வேறு, தெரியாமல் தலையாட்டுவது வேறு. நின்ற மரத்தைக் குத்துமதிப்பாகத் தரகரிடம் விற்றுவிடும் ஊரில், இந்தக் கணக்கைக் கட்டையின் மேல் நாடா வைத்துக் கற்ற ஒரு பிள்ளை இருப்பது எத்தனை குடும்பங்களுக்கு நன்மை! கரும்பலகையில் மட்டும் இதைக் கற்பிக்கும் கல்லூரியால் அந்த நன்மை வராது.

இறுதி ஆண்டில் மாணவர்கள் வனக் கோட்டங்களிலும், காகித ஆலை, ஒட்டுப்பலகை ஆலை போன்றவற்றிலும் தங்கிப் பயிற்சி பெற வேண்டும். சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள், எத்தனை நாள் இருந்தார்கள் என்று கேட்டறிய வேண்டும். கல்விச் சுற்றுலாச் செலவு கட்டணத்தில் அடக்கமா, தனியா என்பதையும் கேட்க வேண்டும். நடு ஆண்டில் திடீரென்று பணம் கேட்டுக் கடிதம் வரும்போது கஷ்டப்படுவது பெற்றோரே.

வேலை விஷயம்

வனவியல் படித்தவர் அனைவரும் வன அலுவலர் ஆகிவிடுவதில்லை. இதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. இந்திய வனப் பணித் தேர்வுக்கு வனவியல் பட்டம்தான் வேண்டும் என்பதும் இல்லை. தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற பாடங்களில் ஒன்றைப் படித்த பட்டதாரியும், வேளாண்மை, பொறியியல் பட்டதாரிகளும் எழுதலாம். தமிழ்நாடு தேர்வாணையம் நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வில் வனவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. வங்கிகளில் விவசாயக் கள அலுவலர் வேலைக்கும் இப்பட்டம் செல்லும். ஆனால் வேளாண்மைத் துறையில் வேளாண்மை அலுவலர் ஆவதற்கு வேளாண்மைப் பட்டம் வேண்டும், வனவியல் செல்லாது. "வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில்தானே படிக்கிறாள்" என்று எண்ணியிருந்து நான்காம் ஆண்டில் ஏமாறுவதைவிட, கலந்தாய்வுக்கு முன் இதைத் தெரிந்துகொள்வது மேல்.

சீருடைப் பணியை விரும்பும் பிள்ளைக்குக் கல்லூரியைத் தேடும் முன் உடல் தகுதியைப் பார்க்க வேண்டும். இந்திய வனப் பணிக்கு ஆண்கள் 163 செ.மீ., பெண்கள் 150 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோ மீட்டரும் பெண்கள் 14 கிலோ மீட்டரும் நடந்து காட்ட வேண்டும். தண்ணீர்க் குடமும் புல்லுக் கட்டும் சுமந்து வளர்ந்த நம் கிராமத்துப் பெண்களுக்கு அந்த நடை ஒரு பொருட்டன்று. "காட்டு வேலை பெண்ணுக்கு ஒத்துவராது" என்று தடுப்பது நியாயமில்லை. நிறக்குருடு உள்ளதா என்று அரசு மருத்துவமனையில் கண்ணையும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. பலருக்குப் பணி நியமனத்துக்கான மருத்துவச் சோதனையில்தான் அது தெரியவருகிறது.

அரசு வேலை கிடைக்காதவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. இன்று மரம் காட்டில் மட்டும் வளரவில்லை. சவுக்கு, தைலமரம், மலைவேம்பு எல்லாம் பட்டா நிலத்திலேயே வளர்ந்து ஆலைகளுக்குப் போகின்றன. கன்று உற்பத்தி செய்யவும், ஒப்பந்த விவசாயிகளின் தோட்டங்களைக் கவனிக்கவும் ஆலைகளுக்கு ஆள் தேவை. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் சொந்த நிலத்துச் சந்தன மரம் நில உடைமையாளருக்கே உரியதாயிற்று. வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். இவற்றையெல்லாம் நம்பி நாற்றுப்பண்ணை வைத்துப் பிழைக்கும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன வழியன்று.

இடம் கிடைக்காவிட்டால்

வட்டிக்குக் கடன் வாங்கித் தொலைதூரத்து அறியாத கல்லூரியில் சேர்ப்பது தேவையில்லை. பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ எடுத்து மூன்று ஆண்டு படிக்கட்டும். அந்தப் பட்டத்துடன் இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம். நுழைவுத் தேர்வில் தேறினால் டேராடூனில் வனவியலில் எம்.எஸ்ஸி. சேரலாம்.

விண்ணப்பிக்க எண்ணுவோர் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை மே மாதத்துக்கு முன்பே இ-சேவை மையத்தில் பதிந்து பெற்றுவிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழில் ஆறாம் வகுப்பு முதல் எல்லா ஆண்டுகளும் இடம்பெற வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டிக்கிடக்கும் என்பதால் தேர்வு நடக்கும் நாட்களிலேயே இதை முடித்துவிடுவது நல்லது.