எதை எழுதுவது, எதை விடுவது?

வங்கி மென்பொருள் ஒன்றில் கணவன், மனைவி இருவரின் கணக்குகளும் நினைவகத்தில் ஒரே முகவரி ஆப்ஜெக்டைச் சுட்டி நிற்கலாம். வீடு மாறும்போது அதை ஒருமுறை திருத்தினால் இரு கணக்கிலும் புது முகவரி தெரியும். இந்தக் கணக்குகளை டாட்நெட்டின் எக்ஸ்எம்எல் சீரியலைசர் வழக்கப்படி கோப்பாக்கும்போது, <முகவரி> என்ற குறிச்சொல்லுக்குள் அதே தெருவும் அதே ஊரும் இரண்டு தடவை பதிவாகின்றன. மீண்டும் படித்தால் இரண்டு தனித்தனி முகவரிகள் பிறக்கின்றன. ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடியே கிடக்கும். ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை, ஆனால் இருவருக்கும் வீடு ஒன்றே என்ற செய்தி தொலைந்துவிட்டது. நினைவகத்தில் ஆப்ஜெக்டுகள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. எக்ஸ்எம்எல் கிளைவிட்டுப் பிரியும் மர அமைப்பு. முகவரிக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, இரு கணக்குகளிலும் அந்த எண்ணை மட்டும் எழுதினால் உறவு பிழைக்கும். அந்த முடிவை நிரலர்தான் எடுக்க வேண்டும், கருவியிடம் விடக் கூடாது என்பதே என் வாதம்.

ஜாவா 1997-லிருந்தே ஆப்ஜெக்டை உறவுகளோடு அப்படியே பைட்டுகளாக்கித் தருகிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். அந்த வசதிக்கு விலை உண்டு. அந்தப் பைட்டுகள் கிளாஸின் உள்ளமைப்போடு கட்டுண்டவை. கிளாஸை மாற்றினால் பழைய கோப்பு திறக்க மறுக்கலாம். எந்தக் கிளாஸை உயிர்ப்பிப்பது என்பதையும் கோப்பே சொல்வதால், விஷமிகள் நுழைய வழி கிடைக்கிறது. இதே வகையைச் சேர்ந்த பைனரிஃபார்மேட்டரை மைக்ரோசாஃப்ட் 2024-இல் வந்த டாட்நெட் 9-இலிருந்து நீக்கியே விட்டது. எக்ஸ்எம்எல் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது: ஜாவாவின் எக்ஸ்எம்எல்டிகோடர், கோப்பில் எழுதியிருக்கும் மெத்தட் அழைப்புகளை அப்படியே இயக்கும். அதிகாரத்தைக் கோப்பின் கையில் கொடுப்பதுதான் ஆபத்து.

எக்ஸ்எம்எல் பருமனானது என்ற குறை நியாயமானது. ஒவ்வொரு பெயரும் திறக்கும்போதும் மூடும்போதும் எழுதப்படுகிறது. நொடியில் வந்து மறையும் செய்திகளுக்கு ஜேசனோ புரோட்டோபஃபோ போதும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டிய ஆவணங்களின் கதை வேறு. திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் ஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கும். 2006-இல் எக்மா தரமாக ஏற்ற டாக்எக்ஸ் வடிவமும் எக்ஸ்எம்எல் கோப்புகளை உள்ளடக்கிய ஜிப்தான். அப்படியொரு கோப்பின் பெயரை ஜிப் என மாற்றித் திறந்தால், வேர்ட் இல்லாத கணினியிலும் ஆவணத்தின் வாசகங்களைக் குறிச்சொற்களுக்கிடையே படித்துவிடலாம்.