ஆகாயத்துக்கு ஒரு அப்ளிகேசன்

உஸ்! செருப்பை இஸ்தோப்பிலேயே விட்டுவிட்டு மெதுவாக உள்ளே வாருங்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், பன்னிரண்டு காம்பிரா லயம். அக்கா வீட்டுக் கட்டிலில் உட்கார இடமில்லை. பிறப்புச் சான்றிதழ், ஓஎல், ஏஎல் பெறுபேறு, ஓட்டப்போட்டிச் சான்றிதழ், நடுவில் தையல் நாடா. மருமகன் இலங்கை விமானப்படைக்கு விமானியாக விண்ணப்பிக்கிறான். எனக்குத்தான் அவனைவிடப் படபடப்பு!

தையல் நாடா எதற்கு? இந்திய விமானப்படையில் விமானியின் தொடை நீளம் 64 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதாம். ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் அடிபடும். அது அந்த நாட்டுக் கணக்குடா என்றால் கேட்கிறானா? 58. லயமே கேட்கக் கத்தினான்.

அடுத்து கண். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள், போனில். முதல் படத்தின் 12 நிறக்குறை உள்ளவருக்கும் தெரியும். தெரியவில்லை என்பவர் நடிக்கிறாரோ என்னவோ! வேறொரு படத்தில் நமக்கு 74. சிவப்பும் பச்சையும் குழம்புகிறவருக்கு 21. (போனில் பார்ப்பது விளையாட்டுக்குத்தான், அசல் சோதனை புத்தகத்தில், நல்ல வெளிச்சத்தில்.) மலையிலிருந்து வந்து படங்கைக்கூட அவிழ்க்காத அக்கா எட்டிப் பார்த்து, “எழுபத்து நாலு” என்றாள், அவன் வாய் திறப்பதற்குள். கொழுந்தையும் முத்தலையும் நொடியில் பிரிக்கிற கண்ணாச்சே.

“மாமா, காமன் கூத்துல ரதி வேசம் கட்டுனத புறச்செயற்பாட்டுல போடலாமா?”

“போடுடா. மாசி குளிர்ல விடிய விடிய ஆடுறவனுக்கு உடம்புல தெம்பு இல்லயாமா?”

தெரிவானால் தியத்தலாவையில் தரைப் பயிற்சி. ஹட்டனில் பதுளை ரயில் ஏறினால் அதே பாதையில் இறங்கிக்கொள்ளலாம். பிறகு திருகோணமலை சீனன்குடா, பிடி-6 பயிற்சி விமானம். இதையெல்லாம் வாய் பிளந்து கேட்ட அக்கா, சட்டென்று டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் குடியுரிமைப் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான எங்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் 2003 சட்டத்தில்தான் வழி பிறந்தது. மருமகன் அதற்குப் பிறகு பிறந்தவன். “அது தேவையில்லம்மா.” “இருக்கட்டும்டா, கேட்டா காட்டு.”

முகவரிக் கட்டத்தில்தான் பேனா நின்றது. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே முகவரி, தோட்டத்தின் பெயர். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். யாராவது எடுத்து வந்தால் லயத்துக்கு வரும். இவன் பெயரிலேயே இங்கே மூன்று பேர் வேறு. நேர்முகத் திகதி போன பிறகு கையில் கிடைத்த கடிதத்தைப் பற்றி மலையகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

“மாமா, ஒங்க டவுன் வீட்டு அட்ரஸப் போட்டுக்கவா?”

“கிராம சேவகர் குடுத்த பேப்பர்ல தோட்டத்து அட்ரஸ்தானே கெடக்கு?” என்றாள் அக்கா.

மூவரும் விண்ணப்பத்தின் மேல் குனிந்தோம். நல்லவேளை, நிரந்தர முகவரி, தபால் முகவரி என்று இரண்டு கட்டம்! முதலாவதில் தோட்டம், இரண்டாவதில் என் வீடு. மை காய ஊதிக்கொண்டிருந்தான்.

“தம்பி,” என்றாள் அக்கா என்னிடம், “இன்னைக்கே போயி தபால்காரர்கிட்ட சொல்லி வச்சிரு.”