பாலைவனத்தில் ஒரு ரப்பர் தோட்டம்!

ரப்பர் என்றால் எனக்குக் கோட்டயம்தான் ஞாபகம் வரும். மழை கொட்ட வேண்டும், மரத்தைக் கீற வேண்டும், சிரட்டையில் பால் சொட்ட வேண்டும். 'பாலைவனத்தில் இடுப்பு உயரம்கூட வளராத புதரிலிருந்து ரப்பர் எடுக்கலாம் சார்' என்று ஆபீஸ் கேன்டீனில் யாராவது சொன்னால், 'டீ ஆறிடப் போவுது, குடிய்யா' என்போம்.

ஆனால் நிஜம்! செடியின் பெயர் வயூலி. வடக்கு மெக்ஸிகோவும் டெக்ஸாஸும் சொந்த ஊர். இதைக் கீறினால் பால் வடியாது. ரப்பர் செடியின் செல்களுக்குள் அடைந்து கிடக்கிறது. செடியையே அரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் புதர்மேல் அமெரிக்க சர்க்காருக்குத் திடீர்க் காதல் வந்தது 1942-ல். அதற்குக் காரணம் ஜப்பான். சிங்கப்பூரும் மலேயாவும் கைவிட்டுப் போக, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் 90 சதவிகிதத்துக்கு மேல் நின்று போனது. டயர் இல்லாமல் யுத்தமா? மார்ச் மாதமே சட்டம் போட்டு, ரூஸ்வெல்ட் கையெழுத்தும் போட்டுவிட்டார். (நம்மூரில் ஒரு ஃபைல் மேஜை மாறவே மூணு மாசம்!) கலிஃபோர்னியாவில் சாலினாஸ் என்ற ஊரில் ஒரு தனியார் கம்பெனியின் விதை, நாற்று, ஆலை எல்லாவற்றையும் சர்க்காரே வாங்கியது. சுமார் 32,000 ஏக்கரில் நட்டார்கள்.

இன்னொரு கூத்து. ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்கர்கள் பலரை மான்சனார் முகாமில் முள்வேலி போட்டு அடைத்திருந்தார்கள். அங்கிருந்த விஞ்ஞானிகளும் நர்சரிக்காரர்களும் சாலினாஸில் வேண்டாமென்று ஒதுக்கிய நாற்றுகளை வளர்த்து, தரமான ரப்பரை எடுத்துக் காட்டினார்கள். 'எதிரி' என்று பூட்டி வைத்த ஆள் யுத்தத்துக்கு ரப்பர் தருகிறான்!

1945-ல் யுத்தம் முடிந்தது. பெட்ரோலிலிருந்து செயற்கை ரப்பர் வந்துவிட்டது. குத்தகைக்கு நிலம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நன்றாக வளர்ந்து நின்ற செடிகளையே உழுதும் எரித்தும் தீர்த்தார்கள். அறுவடைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பொறுத்திருக்க வேண்டும். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி. மறுபடி காதல்! 1978-ல் ஒரு சட்டம், 1984-ல் இன்னொன்று. எண்ணெய் விலை இறங்கியது, ஆர்வமும் இறங்கியது.

இதே வறண்ட பூமியில் ஹொஹோபா கதை இன்னும் தமாஷ். அதன் எண்ணெய் திமிங்கில எண்ணெய்க்கு மாற்று. இன்கம்டாக்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்றதும், 80-களில் செடியையே பார்த்திராத ஆட்களெல்லாம் பணம் போட்டார்கள். ஆனால் இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்ப்பது பெண் செடி மட்டும். விதை போட்டால் பூக்கிற வரைக்கும் எது எதுவென்று தெரியாது. வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்தால், பாதி ஆம்பளை!

வயூலிக்கு வருவோம். சிலருக்கு ரப்பர் கையுறை போட்டாலே தடிப்பு வருமே, அந்த அலர்ஜியைக் கிளப்பும் புரதங்கள் இதில் இல்லை. 2022-ல் அமெரிக்க இண்டிகார் பந்தயத்தில் வயூலி ரப்பர் கலந்த டயர்கள் ஓடின. அதே வருஷம் அரிஸோனா விவசாயிகளுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் வெட்டு. வயூலிக்குப் பருத்தியைவிடத் தண்ணீர் குறைவுதான்.

அப்படியும் விவசாயி யோசிக்கிறார். தீவனப் புல்லை வருஷத்துக்குப் பல தடவை அறுத்துக் காசாக்கலாம். வயூலியில் முதல் காசைப் பார்க்கவே குறைந்தது ரெண்டு வருஷம். அதுவரைக்கும் வாங்குகிற கம்பெனி மனசு மாறாமல் இருக்குமா, சர்க்கார் இருக்குமா என்று கேட்கிற ஆளை நான் குறை சொல்ல மாட்டேன்.