பறித்தெறியும் பிஞ்சு

காய்த்த மரம் கல்லடி படும் என்பர். ஆனால் தன் மரத்தின் பிஞ்சுகளைத் தானே பறித்துத் தரையில் எறியும் உழவனைக் கண்டதுண்டா? இமாச்சலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்களில், காய்ப்பு மிகுந்த ஆண்டுகளில் இக்காட்சியைக் காணலாம்.

1904-இல் இந்தியா வந்து தொழுநோயாளரிடையே தொண்டாற்றிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர், சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கட் மலைச்சரிவில், 1916-ஆம் ஆண்டளவில் தம் நாட்டு டெலிஷியஸ் இன ஆப்பிள் கன்றுகளைத் தருவித்து நட்டார். அவ்வினங்கள் பரவி, இன்று அம்மலைநாட்டின் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. விதைக்கன்றில் ஒட்டிய மரம் நன்கு காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்து கண்ட பிஞ்சை யார்தாம் மனமுவந்து கிள்ளுவர்? எனினும் கிள்ளாவிடில் இருவகையில் நட்டம் நேரும்.

முதலாவது, பழம் சிறுக்கும். ஆப்பிள் கொத்துக்கு ஐந்தாறு மலர்களாகப் பூப்பது. தேனீக்கள் நன்கு உலவி, உறைபனியும் தாக்காத ஆண்டில் அவற்றுட் பல காயாகும். மரம் தானே சிலவற்றை உதிர்த்தபின் எஞ்சுவனவும் மிகுதியே. பழத்திற்கு ஊட்டம் தருவன இலைகள். ஒரு பழம் செழிக்க 30 முதல் 40 இலைகள் வேண்டும். ஐவருக்கு வடித்த சோற்றைப் பதின்மருக்குப் பகிர்ந்தால் யார் வயிறு நிறையும்? பழங்கள் நிறம் மங்கி மலிவாய் விலைபோகும். பாரம் தாங்காமல் கிளையும் முறியும்.

இரண்டாவது, மறு ஆண்டின் பூமொட்டு இவ்வாண்டுக் கோடையிலேயே உருவாகத் தொடங்குகிறது. பிஞ்சுகளின் விதைகளில் சுரக்கும் ஜிப்பரெல்லின் என்னும் ஊக்கி அதனைத் தடுக்கும். ஆகவே அளவு மீறிக் காய்த்த மரம் அடுத்த ஆண்டு வெறுங்கிளையாய் நிற்கும். கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஓராண்டு விட்டு ஓராண்டு வருவனவல்லவே!

எனவே பூத்து முடிந்த 40 நாள்களுக்குள், காய் நெல்லிக்காயளவில் இருக்கும்போதே கலைத்துவிடுதல் நலம். புழு துளைத்தவை, வடுப்பட்டவை, கோணியவை முதலில் போக வேண்டும். பின்னர் கொத்துக்கு ஒரு காயை, பெரும்பாலும் நடுமலரில் தோன்றிய பெரிய காயை, நிறுத்த வேண்டும். காய்க்குக் காய் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி போதும். வெடுக்கென்று இழுத்தால் அருகிலுள்ள காயும் சிறு கிளையும் சேதமுறும். காம்பைப் பிடித்துக்கொண்டு காயை மட்டும் முறித்தெடுப்பதே முறை. மருந்து தெளித்து உதிர்ப்பதும் உண்டு. அளவோ பருவநிலையோ பிசகினால் வேண்டிய காய்களும் உதிர்ந்துவிடும்.

கலைத்தபின் ஆலங்கட்டி மழை பெய்தால் என்செய்வது என்ற அச்சம் உழவரைக் கைகட்டி நிறுத்துவதுண்டு. அது வீண் அச்சமன்று. ஆயினும் மொத்த எடை சற்றுக் குறையினும், உயர்தரப் பழம் பெருகி ஈடுசெய்யும். மறு ஆண்டும் மரம் பூக்கும்.

நோயுற்றோரைக் காணச் செல்கையில் நாம் கையிலேந்தும் செவ்வாப்பிள் பெரும்பாலும் தனியே பிறந்ததன்று. உடன்பிறந்த நான்கைந்து பிஞ்சுகள் அதற்கு இடம்விட்டு உதிர்ந்தன. அவற்றைப் பறித்த கையும் ஒரு கணம் தயங்கியிருக்கும்.