‘விழுந்தது’ என்று எழுதும் முன்

‘ஃபோல்’ என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல். விழுதல் என்று கரும்பலகையில் பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். தரம் 10 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஒரு கடிதம் எழுதவேண்டி வந்தபோதுதான் அந்தச் சொல்லில் தடுக்குப்பட்டேன்.

மழை விழுவதும் இலை விழுவதும் இரண்டு மொழிக்கும் பொது. அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. ஆங்கிலத்தில் நித்திரைக்குள் விழுவார்கள். நாங்கள் நித்திரை கொள்கிறோம். அங்கே இரவு விழும், இங்கே பொழுதுபடும். வங்கிக் கடிதத்தில் கடன் ‘விழுகிறது’ என்றிருந்தால் கடன் தள்ளுபடி என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கட்டவேண்டிய நாள் வந்துவிட்டது என்பதே பொருள். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ‘ஃபோல்’ தொடங்கிவிட்டது என்றால் அது இலையுதிர்காலம். ‘இலை விழும் காலம்’ என்று 16 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழங்கிய தொடரின் மிச்சம் அது. இங்கிலாந்து பின்னர் வேறு சொல்லுக்கு மாறிவிட, வட அமெரிக்கா பழையதை வைத்துக்கொண்டது. எங்களுக்கோ லொத்தர் விழும். இதை ‘ஃபோல்’ போட்டு எழுதினால் ஆங்கிலேயருக்கு விளங்காது.

போர்ச் செய்திகளில் இந்தச் சொல்லுக்கு வேறு முகம். ‘ஃபோலன்’, அதாவது வீழ்ந்தவர்கள், என்றால் போரில் இறந்த படையினர். முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914 இல் லோரன்ஸ் பின்யன் எழுதிய புகழ்பெற்ற கவிதையின் தலைப்பே ‘வீழ்ந்தவர்களுக்காக’ என்பதுதான். மரியாதையான சொல். ஆனால் பங்கர் வாசலில் இறந்த தாய்க்கு அந்தச் சொல்லை வழமையாக யாரும் கொடுப்பதில்லை. அவர் ஓர் எண்ணிக்கைக்குள் போய்விடுகிறார்.

நகரங்களும் ‘விழும்’. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியது. அரசாங்கம் அதை ‘விடுவிப்பு’ என்றது. ஆங்கில ஊடகங்கள் கிளிநொச்சியின் ‘வீழ்ச்சி’ என்று எழுதின. சுவர் ஒன்று தானாகச் சரிந்ததைப் போல அந்தச் சொல் ஒலிக்கிறது. விட்டுவிட்டு நடந்த சனம் அதற்குள் இல்லை.

இனி அந்தக் கடிதம். எங்கள் ஊர் அக்கா ஒருவரின் கணவர் 2009 இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பில் செல்பட்டு இறந்தவர். அவருடைய சாட்சியத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டார். “செல் விழுந்து மனிசன் செத்திட்டார்” என்று அவர் சொன்னதை நான் ‘ஃபெல்’ என்று அப்படியே எழுதினேன். ‘ஃபோல்’ இன் இறந்தகாலம் அது. வாசித்துக் கருத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“ரீச்சர், அதில அடிச்சது எண்டு இருக்கோ?”

இருக்கவில்லை. ‘விழு’ தன்வினை. செய்தவன் யார் என்ற கேள்வியை அது எழுப்பாது. தேங்காயும் விழும், செல்லும் விழும். எங்கள் பேச்சில் இதற்குப் பிறவினை ‘விழுத்து’. கோப்பையைப் பிள்ளை விழுத்திப்போட்டான் என்றால் ஆள் தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் ‘ஃபோல்’ இற்குப் பிறவினை உண்டு. அதுவும் ‘ஃபெல்’ தான். மரத்தை வெட்டி விழுத்துவதற்கு அது பயன்படும். பங்கருக்காகத் தறித்த பனைகளுக்கு அது பொருந்தும், செல்லுக்குப் பொருந்தாது. செல்லுக்கு ‘ஏவப்பட்டது’, ‘வெடித்தது’, ‘கொன்றது’ என்ற சொற்கள் வேண்டும்.

ஊரில் ‘செல் விழுந்தது’ என்றால் யாரோ அடித்தது என்று எங்களுக்குள் விளங்கும். அந்த நாட்களைக் காணாத ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்கும்போது விளங்கவேண்டும் என்றில்லை.

அதற்காகக் காணாததை எழுதவும் முடியாது. “அக்கா, நீங்கள் என்ன கண்டனீங்கள், என்ன கேட்டனீங்கள்?” என்று திரும்பவும் கேட்டேன். மேற்கே குத்துற சத்தம் கேட்டது, பிள்ளையை உள்ளே தள்ளினார், கணவர் வாசலில் நின்றார், அதற்குள் வெடித்துவிட்டது. அந்த ஒழுங்கிலேயே எழுதினேன்: மேற்குத் திசையிலிருந்து ஏவப்பட்ட செல் வெடித்து என் கணவரைக் கொன்றது. வாசித்துக் காட்டியதும், “ஓம், இதுதான் நடந்தது” என்று கையொப்பமிட்டார்.

இப்போது ‘ஃபோல்’ படிப்பிக்கும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: தானாக விழுந்ததா, யாரும் விழுத்தியதா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். வீட்டில் இன்னும் எழுதப்படாத சாட்சியம் இருப்பவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.