‘நேத்து நல்லாத்தானே எடுத்துச்சு!’
மலையேறும் டீசல் ஜீப்பின் ஸ்டார்ட்டிங் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்குள் ஜீப்கள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியுடன் ஏறி அமர்ந்தால், 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய்ச் சேருவார்கள். அந்த வண்டி ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டிக்காரருக்கு வாடகை போகும்; வேலையாட்களுக்குக் கூலி போகும்; தோட்டக்காரருக்குக் காய் செடியிலேயே பழுத்து வெடிக்கும். பறித்த பச்சைக்காய் ஸ்டோருக்குப் போகாமல் இரவு முழுக்க மூட்டையில் கிடந்தால் நிறம் மங்கி, ஏலத்தில் விலையும் குறையும்.

அடியோடு நின்றுபோன வண்டியைச் சரிசெய்வது எளிது. நான்கு நாள் நன்றாக எடுத்து, ஐந்தாம் நாள் மக்கர் செய்யும் வண்டிதான் சிக்கல். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். சந்தேகத்தின் பேரில் பேட்டரியை மாற்றுவார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரை மாற்றுவார்கள். பணம்தான் கரையும்; கோளாறு அப்படியே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்வது. இது ஆபத்தானது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாதபோது ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகும். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இதைச் செய்யவே கூடாது.

குறிப்பேடுதான் முதல் கருவி

விட்டு விட்டு வரும் கோளாறு காரணமில்லாமல் வருவதில்லை. ஒரு சிறிய நோட்டை வண்டியிலேயே வைத்து, ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயங்களை எழுத வேண்டும். காலைக் குளிரிலா, ஏறி வந்த சூட்டிலா? மழைக்குப் பிறகா? வண்டி மேட்டைப் பார்த்து நின்றதா, பள்ளத்தைப் பார்த்தா? கடைசியாக டீசல் எங்கே ஊற்றியது? செல்ஃப் சுற்றியதா, இல்லையா? ஐந்தாறு முறை எழுதினாலே பெரும்பாலும் காரணத்தின் பக்கம் தெரிந்துவிடும்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்...

சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருவது, இழுத்து இழுத்துச் சுற்றுவது, சத்தமே இல்லாதது ஆகிய மூன்றும் மின்சாரப் பக்கத்துக் கோளாறுகள். புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம். சார்ஜ் ஏற்றி மீண்டும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் டைனமோவையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சுற்றவில்லையா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் கோளாறு. மழையும் மூடுபனியும் உள்ள ஏலமலையில் எர்த் ஒயரின் முனை துருப்பிடிப்பது சகஜம். மேலே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். உள்ளே பச்சை பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினால் போதும். பேட்டரியில் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

இந்த ஒயர்கள் எல்லாம் சரியாக இருந்து, செல்ஃப் மோட்டாரை மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் சுற்றுகிறது என்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. கழற்றிப் பார்த்து பிரஷ் மாற்றினாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை என்றால்...

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் எரிகிறது. எனவே சூடு குறைந்தாலும், டீசல் வராவிட்டாலும் எடுக்காது. சைலன்ஸரைப் பார்த்தால் இரண்டையும் ஓரளவு பிரித்துவிடலாம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை.

போடியில் சட்டென்று எடுத்து, மேலே தோட்டத்துக் குளிரில் மட்டும் வெள்ளைப் புகையோடு அடம்பிடித்தால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்கலாம். பிளக்கின் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்ப் வழியாகப் பிளக்கின் தலையைத் தொட வேண்டும். பல்பு எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் தரும் ரிலேயைப் பார்க்க வேண்டும். சில டீசல் இன்ஜின்களில் ஹீட்டர் பிளக்கே இருக்காது. முதலில் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரிவு சொல்லும் சேதி

மலையில் அதிகம் ஏமாற்றுவது டீசல் லைனில் காற்றுப் புகும் கோளாறு. ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கொள்வோம். டேங்க் பின்புறம் இருக்கிறது. சமதரையில் நின்றால் எடுக்கிறது. தோட்டத்தில் மேட்டைப் பார்த்து நிறுத்தினால் மாலையில் எடுப்பதில்லை. பள்ளத்தைப் பார்த்து நிறுத்திய நாளில் உடனே எடுக்கிறது.

காரணம் எளிது. மேட்டைப் பார்த்து நிற்கும்போது டேங்க் பம்ப்பைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதன் வழியே காற்று புகுந்து, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் டேங்க் உயரத்துக்குப் போகிறது. அப்போது அதே வெடிப்பில் டீசல் கசிந்து ஈரம் தெரியலாம். அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

உறுதிசெய்ய, பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைத் தற்காலிகமாக இணைக்கலாம். இன்ஜின் ஓடும்போது அதில் குமிழி தொடர்ந்து ஓடினால் காற்றுப் புகுகிறது. டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள பழைய ஹோஸ், கிளிப், செம்பு வாஷர், ஃபில்டரின் ரப்பர், கை பம்ப் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டீசலுக்கான ஹோஸையே போட வேண்டும். தண்ணீர் டியூப் உப்பி வெடிக்கும். பிறகு ஃபில்டரின் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்ப்பை அழுத்தி, மீண்டும் இறுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் நின்றாலும் சில நேரம் டீசல் வரவில்லை என்றால், பம்ப்பில் ஸ்டாப் சோலினாய்டு உள்ள வண்டியில் அதைப் பார்க்கலாம். சாவி போட்டதும் ‘க்ளிக்’ சத்தமும் 12 வோல்ட்டும் வர வேண்டும். வராவிட்டால் ஒயரையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். டிரம்மில் சேமித்த டீசலை ஊற்றிய பிறகு தகராறு தொடங்கினால், ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வடித்துப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* சோதனைக்கு முன் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்.
* ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது இடைவெளி விட வேண்டும்.
* ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கக் கூடாது. முன்கூட்டியே வெடித்து பிஸ்டன் உடையலாம்.
* காமன் ரெயில் டீசல் கார்களில் நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைக்கும். அவற்றை ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோக வேண்டும்.
* ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

மெக்கானிக்கிடம் போகும்போது “சில நேரம் எடுக்க மாட்டேங்குது” என்று சொல்வதைவிட, “மேட்டைப் பார்த்து இரண்டு மணி நேரம் நின்றால் எடுப்பதில்லை, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, புகை வருவதில்லை” என்று நோட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். அப்போது அவர் பேட்டரியைத் தேடிப் போக மாட்டார். நேராக ஹோஸைத் தேடுவார். காய் எடுப்பு மும்முரமாகும் முன்பே இந்த வேலையை முடித்துவிட்டால், வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தையும் அதோடு விட்டுவிடலாம்.