கிரேடு மூன்று போதும்!

கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு வாசிப்பார்களே, எனக்குத் தெரிந்த ஆர்கெஸ்ட்ரா அதுதான். டல்லாஸ் பக்கம் நாங்கள் குடிவந்த வருடம், ஆறாம் வகுப்பில் சேர்ந்த என் மகன், “அம்மா, நான் ஆர்கெஸ்ட்ரா எடுத்திருக்கேன்” என்றபோது, “யாருடா பாடப் போறது?” என்றுதான் கேட்டேன்.

இங்கே அது கணக்கு, அறிவியல் போலக் கால அட்டவணையில் இருக்கும் ஒரு பாடம். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று வில் போட்டு வாசிக்கும் நான்கு கருவிகள், நாற்பது பிள்ளைகள். வயலினில் இடம் நிரம்பிவிட்டது என்று இவன் கையில் வியோலாவைக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு வயலின் மாதிரியேதான் இருக்கும். கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் தாழ்வு. கூட்டத்தில் அதன் சத்தம் தனியாகக் கேட்காது. வீட்டில் மூத்த மருமகள் மாதிரி, இல்லாவிட்டால்தான் தெரியும்.

அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, வசந்த காலத்தில் நடக்கும் இசைப் போட்டி முடிந்து காரில் ஏறினான்.

“எப்படிடா வாசிச்சீங்க?”

“நல்லா வாசிச்சாங்க.”

“வாசிச்சோம்னு சொல்லு.”

“இல்லம்மா. கடைசிப் பக்கம் முழுக்க நாங்க வில்லை மட்டும்தான் ஆட்டினோம். கம்பியைத் தொடாம ஆட்டச் சொல்லியிருந்தாங்க.”

மூன்று மாதம் பள்ளியிலும் வீட்டிலும் அதே பீஸைத் தேய்த்தவன் அவன். அந்த வருடம் வியோலா வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது நான்கு பேர்தான். இரண்டு பேர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் இசையை விடுவதற்குச் சோம்பல், மொபைல் என்று நாம் என்னென்னவோ காரணம் சொல்கிறோம். இங்கே காரணம், யாரோ ஒருவர் நவம்பர் மாதத்தில் தப்பான பீஸைத் தேர்ந்தெடுத்தது.

கிரேடு என்கிற எண்

டெக்சாஸில் பள்ளிகளுக்கிடையே விளையாட்டு, நாடகம், இசைப் போட்டிகளை நடத்துவது யுனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக். சுருக்கமாக யு.ஐ.எல். 1910-ல் தொடங்கிய அமைப்பு. அதன் இசைத் தேர்வில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. மேடையில் குழு வாசிக்கும். மூன்று நடுவர்கள் 1 முதல் 5 வரை ஒரு எண் போடுவார்கள், 1 தான் உயர்ந்தது. பத்துப் பள்ளிகள் நன்றாக வாசித்தால் பத்துக்கும் 1 கிடைக்கும்.

மேடை முடிந்ததும் இன்னோர் அறைக்குப் போக வேண்டும். அங்கே யாரும் அதுவரை பார்த்திராத ஒரு பீஸைக் கையில் கொடுப்பார்கள். ஆசிரியர் சில நிமிடங்கள் விளக்கலாம். பிள்ளைகள் வாசித்துப் பார்க்கக் கூடாது. நேரம் முடிந்ததும் நேராக வாசித்துவிட வேண்டியதுதான். இதற்குப் பெயர் சைட் ரீடிங். அதற்குத் தனியாக நடுவர்கள்.

மேடையில் எதை வாசிப்பது என்பதற்கு யு.ஐ.எல். ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு கிரேடு. எந்தப் பதிப்பு, யார் ஏற்பாடு செய்தது என்பதும் அதில் இருக்கும். பள்ளியின் அளவு, அது முதன்மைக் குழுவா இரண்டாவது குழுவா என்பதைப் பொறுத்து எந்தக் கிரேடுகளில் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு நிலைகள் இருக்கின்றன. நோட்ஸ் அச்சிடும் பதிப்பகங்களும் தங்கள் பங்குக்கு அரை, ஒன்று, ஒன்றரை என்று எண் போடுகின்றன. ஒரு பதிப்பகத்தின் 3 இன்னொன்றின் இரண்டரையாக இருக்கும்.

சென்னையில் பிள்ளைகளுக்கு டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வு எழுத வைக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எட்டு கிரேடுகள் தனி ஆளின் திறமைக்கானவை. இது ஒரு கூட்டம் சேர்ந்து வாசிக்கும் பீஸின் கடினத்துக்கான எண். இரண்டையும் ஒப்பிட்டு, “என் அண்ணன் பையன் கிரேடு 6, உன் பையன் ஸ்கூலே கிரேடு 3 தானா?” என்று கேட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டார்கள்!

முக்கியமான சங்கதி ஒன்று. பெரிய கிரேடு வாசித்ததற்காகக் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது. நடுவர்கள் பார்ப்பது எப்படி வாசித்தார்கள் என்பதைத்தான். பிறகு ஏன் ஆசிரியர்கள் மேலே மேலே தாவுகிறார்கள்? பக்கத்துப் பள்ளி தாவுகிறது, அதனால்தான். பெற்றோர்களாகிய நாமும் அதில் சேர்த்தி.

முதலில் வியோலாவைப் பார்

மறு வருடம் புதிய ஆசிரியை வந்தார். இரண்டாவது குழுவுக்கு அவர் தேர்ந்தெடுத்த பட்டியல் வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழு கொதித்தது. “போன வருஷம் கிரேடு 5, இந்த வருஷம் 3-ஆ? பின்னாடியா போறோம்?” என்று ஓர் அப்பா ஆரம்பித்தார். காலேஜ் அட்மிஷன் வரைக்கும் பேச்சு போயிற்று. நானும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மா கோபப்படவே இல்லை. ஒரு பீஸின் நோட்ஸ் கட்டை மேசையில் வைத்தார். “முதல் வயலினை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் வியோலா, பிறகு இரண்டாவது வயலின், பிறகு பேஸ்” என்றார்.

எங்கும் முதல் வயலின் வரிசையில்தான் தனியாக டியூஷன் போகும் பிள்ளைகள் அதிகம். அவர்கள் எதைக் கொடுத்தாலும் சமாளிப்பார்கள். பள்ளியில் மட்டும் கற்றுக்கொள்பவர்கள் பின்வரிசைகளில் இருப்பார்கள். ஆனால் கிரேடு எண்ணோ மொத்த பீஸுக்கும் ஒன்றுதான். உள்ளே எந்த வரிசைக்கு எவ்வளவு சுமை என்பதை அது சொல்லாது.

அவர் சொன்ன ஓர் உதாரணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வயலின் கற்கும் குழந்தைக்கு முதலில் வருவது டி மேஜர். கையை அசைக்காமல், இருந்த இடத்திலேயே விரல்களை வைத்து ஸ்கேல் முழுதும் வாசித்துவிடலாம். அதே டி மேஜரை டபுள் பேஸில் வாசித்தால், மேலே கடைசி இரண்டு ஸ்வரத்துக்குக் கையை நகர்த்தியே ஆக வேண்டும். கழுத்து அவ்வளவு நீளம், விரல்களுக்கு நடுவே தூரம் அவ்வளவு. ஆக, வயலினுக்கு ‘சரளி வரிசை’யாக இருப்பது பேஸுக்கு அப்படி இல்லை.

வேறு என்னவெல்லாம் பார்ப்பார்களாம்? ஃபிளாட் ஸ்வரங்கள் கூடக் கூட விரல்கள் பின்னால் ஒதுங்க வேண்டும், சுருதி ஆடும். மூன்றாவது பொசிஷனுக்குக் கை மேலே போக வேண்டுமென்றால், அந்த வரிசையில் எத்தனை பேருக்கு அது வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஒரே தாளத்தில் போகிறார்களா, ஒவ்வொரு வரிசையும் வேறு வேறு நேரத்தில் நுழைகிறதா? வில் கம்பியில் துள்ள வேண்டுமா, ஒட்டியே இழுக்க வேண்டுமா? அப்புறம் எத்தனை வாரம் இருக்கிறது, நடுவில் எத்தனை விடுமுறை என்கிற நாட்காட்டிக் கணக்கு.

“சரி, மொசார்ட் கொடுக்கலாமே, எல்லாருக்கும் தெரிந்ததுதானே?” என்றார் ஒருவர். அவர் சொன்னது 1787-ல் எழுதிய ‘ஐனே க்ளைனே நாக்ட்மூசிக்’. ஜி மேஜர், ஒரே ஒரு ஷார்ப். காகிதத்தில் பார்த்தால் சுலபம். ஆனால் மறைந்துகொள்ள இடமே இல்லை. ஒருவர் ஒரு நூல் பிசகினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். நம் மோகனம் மாதிரி என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். ஐந்தே ஸ்வரம், அதனால்தான் பயம். சாமுவேல் பார்பரின் ‘அடாஜியோ’வும் அப்படித்தான். வேகமே கிடையாது. ஆனால் ஐந்து ஃபிளாட், முடியவே முடியாத நீள வில். பதினைந்து வயதுக் கைகள் நடுங்கிவிடும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. பாகெல்பெல்லின் ‘கேனன்’. அமெரிக்கக் கல்யாணங்களில் நம் ‘கெட்டிமேளம்’ மாதிரி அது. அதில் செல்லோவுக்கு எட்டே ஸ்வரம், அதையே 28 தடவை திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். கடினம் துளியும் இல்லை. ஆனால் செல்லோ பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்! ஒரு வரிசைக்குத் தாங்காத சுமை கொடுப்பது எவ்வளவு தப்போ, வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பதும் அவ்வளவு தப்பு. தேர்ந்தெடுப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

சத்தம் புகாத அறைக்கு நன்றி

முந்தைய வருடம் என் மகனின் குழு வாசித்து மாட்டிக்கொண்டது ‘செயின்ட் பால்ஸ் சூட்’டின் கடைசிப் பகுதி. அதன் கதையைத் தேடிப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

அதை எழுதிய குஸ்தாவ் ஹோல்ஸ்ட் லண்டனில் ஹாமர்ஸ்மித் பகுதியில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905 முதல் 1934-ல் இறக்கும் வரை இசை ஆசிரியராக இருந்தவர். ‘தி பிளானட்ஸ்’ எழுதி உலகப் புகழ் வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. 1913-ல் பள்ளியில் இசைக்கென்று புதிய கட்டடம் எழுப்பி, அவருக்குச் சத்தம் புகாத அறை ஒன்றும் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு நன்றியாகத் தன் பள்ளிப் பெண்களின் ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் எழுதியது இந்த சூட். நான்கு பகுதிகள். இரண்டாவதில், ஒரு சின்னச் சுற்றை விடாமல் வாசித்துக்கொண்டே இருக்கும் பொறுப்பு இரண்டாவது வயலினுக்கு. கடைசிப் பகுதியில் ‘டார்கஸன்’ என்கிற பழைய ஆட்ட மெட்டு ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க, அதன் மேல் ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டு வந்து உட்காரும். ஒரு மெட்டு துள்ளும், இன்னொன்று மிதக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் போவதுதான் அழகு, கஷ்டமும் அதுவே.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே எழுதியதுதான். ஆனால் எந்தப் பிள்ளைகளுக்கு? தன் கண் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. ஹோல்ஸ்டுக்கு அவர்கள் கை தெரியும். பத்து நாட்டுப் பள்ளிகளில் அது பிரபலமாக இருக்கிறது என்பதற்காக, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எடுத்துக் கொடுத்தால், கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் காற்றில் வில் ஆட்ட வேண்டியதுதான்.

கர்நாடக இசையில் குரு எதிரில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். கீதம் சரியாக வரவில்லையென்றால் வர்ணம் அடுத்த மாதம், அவ்வளவுதான். இங்கே நாற்பது பேர் ஒரே நாளில் ஒரே படியில் கால் வைத்தாக வேண்டும். அந்த நாற்பதில் என் பிள்ளை மட்டும் முந்தி நிற்பதைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். கூட்டத்தில் அந்த ஆசிரியை எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்ததும் கிரேடு எத்தனை என்று கேட்காதீர்கள், உன் பார்ட்டை வாசித்துக் காட்டு என்று கேளுங்கள் என்றார்.

கேட்டேன். முந்தைய வருடம் கேட்டிருந்தால் மூன்றாவது வாரமே எனக்கு விஷயம் தெரிந்திருக்கும். இந்த முறை ஒரு நாட்டுப்புற மெட்டை வைத்துப் பள்ளிக் குழுக்களுக்கென்று எழுதிய பீஸ், கூடவே மெதுவாகப் போகும் இன்னொன்று. மெதுவாகப் போவதில் நடுவில் எட்டு பார் வியோலாவுக்கு மட்டும் மெட்டு. மற்றவர்கள் கீழே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த எட்டு பாரை நான் தோசை வார்க்கும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன், இவன் அப்பா ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது கதவைத் தாண்டிக் கேட்டேன். ஜனவரியில் கரகரத்தது. மார்ச்சில் ஒரு குரலாகி இருந்தது.

போட்டி நாளில் மேடையில் மூன்று நடுவர்களும் 1 போட்டார்கள். சைட் ரீடிங் அறையில் 2. எங்கேயோ ஒரு ஃபிளாட்டை வரிசையோடு தவறவிட்டார்களாம், அதற்குக் காரணம் செல்லோக்காரர்கள்தான் என்று இவன் சாதித்தான். வாட்ஸ்அப்பில் ஆரம்பித்து வைத்த அந்த அப்பா கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

காரில் ஏறி, கருவியைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, “அந்த எட்டு பார் கேட்டுச்சாம்மா?” என்றான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்றேன். “நாலு பேர்தாம்மா நாங்க” என்றான்.